ரசத்தைக் குடித்துவிட்டு கொள்ளைக் கொட்டாதீர்கள்!

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. ஆனால், அதை நம் வீடுகளில் கடைப்பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொள்ளை வேகவைக்கிறார்கள். தண்ணீரை வடித்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசமாக்கிக் குடிக்கிறார்கள். வெந்த கொள்ளு? மாடு இருக்கிற வீட்டில் மாட்டுக்குப் போகும். ஃபிளாட்டில் குப்பைக்கூடைக்கு! அப்புறம் என்னிடம் வந்து, "டாக்டர், ஒரு மாசமா கொள்ளு ரசம் குடிக்கிறேன், ஒரு கிலோகூட குறையலையே?" என்கிறார்கள்.

எப்படிங்க குறையும்? ரசத்தில் கொழுப்பைக் கரைக்கிற மந்திரம் எதுவும் இல்லை. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. மென்று சாப்பிட்டால் வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது, சோறு தானாகக் குறையும். கொள்ளு இளைக்கவைப்பது இப்படித்தான். அந்த வேலையைச் செய்கிற சத்தில் பெரும்பகுதி பயறிலேயே நின்றுவிடுகிறது. தண்ணீரில் வருவது கொஞ்சம்தான்.

சித்த மருத்துவத்தில் உடலை ஏழு தாதுக்களாகச் சொல்வோம். அதில் மூன்றாவது ஊன், நாலாவது கொழுப்பு. எடை குறைப்பது என்றால் கொழுப்பு குறைய வேண்டும், ஊன் குறையக் கூடாது. வெயிங் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஊன் கரைந்தாலும் முள் கீழேதான் இறங்கும், நாமும் சந்தோஷப்படுவோம்! புரதத்தைக் குறைத்துப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே எடுத்துச் செலவழிக்கும். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இது பெரிய நஷ்டம். வயதோடு தசை எப்படியும் குறையத் தொடங்குகிற நேரம் அது. காலையில் கஞ்சி, ராத்திரி ரெண்டு வாழைப்பழம் என்று இருந்து நன்றாக இளைத்த ஒரு அம்மா, "திருக்கழுக்குன்றம் மலைப்படி முன்னெல்லாம் ஒரே மூச்சுல ஏறுவேன், இப்ப பாதியிலேயே கால் நடுங்குது" என்றார். கொழுப்போடு கூடவே தசையும் போயிருந்தது.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் குடும்பங்கள் வந்தால் எனக்குச் சிரமமில்லை. 'சோத்தைக் குறைங்க, மீனை வறுக்காம குழம்பா வைங்க' என்று சொல்லி அனுப்பிவிடலாம். (அவர்களும் புரட்டாசியில் மீனை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கு வறுவலில் இறங்கிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.) செங்கல்பட்டு டவுன் சைவக் குடும்பங்களில் இந்த ஆலோசனை எடுபடாது. அங்கே சோறு குறைந்தால் சாம்பாரும் குறையும். சாம்பார் சோற்றுக்குத்தானே ஊற்றுகிறோம்! தட்டில் மிச்சம் இருப்பது ஒரு கரண்டி பொரியல்தான். அந்தச் சாம்பாரிலும் நாலு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ பெண்ணுக்கு சுமார் 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். சாப்பாட்டில் தானியமே அதிகம் என்றால் 1 கிராம் என்று கணக்குப் போட வேண்டும். இளைக்கிற காலத்தில் அதற்குக் கீழே இறங்கவே கூடாது என்பது என் கருத்து. இருக்கிற எடைக்கு அல்ல, உங்கள் உயரத்துக்கு இருக்கவேண்டிய எடைக்கு.

மருந்து மாத்திரை வேண்டாம், பாத்திரத்தை மாற்றுங்கள். பருப்பைக் கரண்டியால் ஊற்றாமல் கிண்ணத்தில் வையுங்கள். சோற்றைக் கிண்ணத்தால் அளந்து போடுங்கள். காலையில் இட்லிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் அடை. அரிசியைவிடப் பருப்பு ரெண்டு பங்கு. மத்தியானம் கெட்டியாகப் பருப்புக் கூட்டு, கீரை, ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் கொள்ளு அல்லது கொண்டைக்கடலை சுண்டல். ராத்திரி ரெண்டு சப்பாத்திக்கு முளைகட்டின பாசிப்பயறு. ஒரு ஆளுக்கு நாள் முழுக்க 150 கிராம் பருப்பும் பயறும் உள்ளே போனால் அதிலேயே 30 கிராமுக்கு மேல் புரதம் வந்துவிடும். மீதியை அரிசி, கோதுமை, பால், தயிர் பார்த்துக்கொள்ளும். அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் பருப்பில் தாராளம். பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. ஆகவே சோற்றை அடியோடு விட வேண்டாம்.

பால்கூட வேண்டாம் என்கிறவர்கள் சோயாவைச் சேருங்கள். மீல்மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம். ஆனால், பி-12 வைட்டமின் செடிகொடிகளில் நம்பும்படி கிடையாது. இதற்கு எங்கள் மூலிகைகளிலும் பதில் இல்லை, மாத்திரை போடத்தான் வேண்டும்.

வேர்க்கடலை நம் மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கம் விளைகிற நல்ல சரக்குதான், 100 கிராமில் 25 கிராம் புரதம். ஆனால், 550 கலோரிக்கு மேல்! பொட்டலம் பிரித்தால் காலியாகிற வரை கை நிற்காது. ஒரு சின்னக் கைப்பிடியோடு எழுந்துவிடுங்கள். டப்பாக்களில் வரும் புரோட்டீன் பவுடரை தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில் வேண்டாம் என்றுவிட்டது. 'பத்தே நாளில் இளைக்கவைக்கும் சூரணம்' என்று எங்கள் வைத்தியத்தின் பெயரில் வருகிற விளம்பரங்களையும் அதே வரிசையில் வையுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பருப்பைக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கொள்ளு வேண்டாம்.

"பயறு வாயுவாச்சே?" என்று பயப்படுகிறவர்கள் ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, பெருங்காயமும் இஞ்சியும் சேருங்கள். முதல் வாரம் ரெண்டு ஸ்பூன், அப்புறம் அரைக் கிண்ணம். கொள்ளு சூடு என்பதும் சரிதான். கத்திரி வெயிலில் பாசிப்பயறுக்கு மாறிக்கொண்டு, ஐப்பசி மழை பிடித்ததும் கொள்ளுத் துவையல் அரையுங்கள்.