யார் கொடுத்த அரிசி?

1977 தேர்தலில் வட இந்தியா இந்திரா காந்தியை வீட்டுக்கு அனுப்பியது. தமிழ்நாடோ அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக்குப் பெருவாரியான தொகுதிகளைக் கொடுத்தது. இதைக் காட்டி, இந்திரா அறிவித்த நெருக்கடிநிலையில் இங்குள்ள உழைப்பாளிகள் அடங்கிக் கிடந்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அதை ஏற்க முடியாது.

ஏன் என்பதற்குத் தாம்பரத்தைப் பாருங்கள்; அது ரயில்வேக்காரர்களின் ஊர். 1974 மே 8 அன்று நாடெங்கும் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் போனஸும் எட்டு மணி நேர வேலையும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இருபது நாளில் அது ஒடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து துரத்தப்பட்டன. பலருக்கு 1977இல் ஜனதா ஆட்சி வந்த பிறகுதான் வேலை திரும்பக் கிடைத்தது. இடையில் வந்தது நெருக்கடிநிலை. 1975 செப்டம்பரில் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. தட்டிக் கேட்டால், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் மிசா சட்டம். 1976 ஜனவரி 31இல் கருணாநிதி அரசு கலைக்கப்படும்வரை தமிழ்நாட்டில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

சம்பளம் நின்றுபோன வீடுகளில் அத்தனை மாதம் அடுப்பு எப்படி எரிந்தது? யாரோ கடனுக்கு அரிசி அளந்திருக்க வேண்டும். யாரோ வாடகைக்குப் பொறுத்திருக்க வேண்டும். வேலையில் இருந்தவர்கள் சம்பள நாளில் கையில் கொஞ்சம் திணித்திருக்க வேண்டும். வேலைநீக்கம் ஆனவருக்கு உதவுவதே சந்தேகத்துக்கு இடம்கொடுத்த காலம் அது. பெயரை எழுதி வைப்பது, உதவியவரைக் காட்டிக்கொடுப்பதாகவே முடிந்திருக்கும். ஏட்டில் இல்லாததால் நடக்கவே இல்லை என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

தலைவர்களின் பாடு பதிவாகியிருக்கிறது. முன்னாள் மேயர் சிட்டிபாபு சென்னைச் சிறையில் பட்ட அடியையும் அவர் உயிர் போனதையும் தமிழகம் மறக்கவில்லை. சிறைக் கொடுமைகளை இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. கடனுக்கு அரிசி கொடுத்தவருக்கு எந்தக் கமிஷனும் இல்லை.

அன்று இருபத்தைந்து வயதில் இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். ரயில்வே தொழிற்சங்கங்கள் பழைய துண்டறிக்கைகளையும் வேலைநீக்க உத்தரவுகளையும் திரட்டித் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் சேர்க்க வேண்டும். தாம்பரம் கிறித்துவக் கல்லூரி மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு குடியிருப்புகளுக்குப் போக வேண்டும். செலவை மாநில அரசு ஏற்கட்டும். மாணவர்கள் முதலில் பேச வேண்டியது பெண்களிடம்: கடைக்காரரிடம் கடன் சொன்னதும், பிள்ளைகளின் பசியாற்றியதும், போலீஸ்காரர் கேட்டபோது பதில் சொன்னதும் பெரும்பாலும் அவர்களாகத்தான் இருக்கும். சங்கத்தின் எந்த ஆண்டறிக்கையிலும் அவர்கள் பெயர் இருக்காது.