மீனும் கீரையும் ஒரே ஜலத்தில்: தானியங்கிக் கருவிகள் எம்மட்டு வேண்டும்?

மீன் வளர்ந்த குட்டையின் தண்ணீரைக் கத்தரிக்கோ கீரைக்கோ இறைத்தால் பயிர் பசேலென்று தழைப்பதை நமது குடியானவர்கள் கண்டிருப்பார்கள். அந்த உண்மையையே ஒரு தொட்டிக்குள்ளும் ஒரு பாத்திக்குள்ளும் அடக்கி, ஒரே ஜலத்தை இடைவிடாமல் சுற்றிவரச் செய்யும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைப் பயிர் உட்கொள்ள, ஜலம் தெளிந்து மீனிடம் திரும்புகிறது. அமெரிக்காவின் வட கரோலினா ஸ்டேட் சர்வகலாசாலையிலும் வர்ஜின் தீவுகள் சர்வகலாசாலையிலும் 1980-ம் ஆண்டுகளில் ஆராயப்பட்டு உருப்பெற்ற இம்முறையைச் சிறு குடும்பங்களுக்கு ஏற்ற அளவில் விளக்கி, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2014-ல் ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறது.

ஆனால் இதனை வீட்டுக் கொல்லையில் அமைக்க விரும்புவோரில் அநேகர் முதலில் விசாரிப்பது மீனையுமன்று, பயிரையுமன்று. தானே தீனியிட்டு, தானே மருந்தூற்றி, யாவற்றையும் கைத்தொலைபேசியில் காட்டும் கருவிப் பெட்டியின் விலையையே விசாரிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் அபிப்பிராயம்.

நானும் அவ்வாறே தொடங்கி நஷ்டமடைந்தவன். ஆயிரம் லிட்டர் தொட்டியில் கெண்டை மீன்களை விட்டு, விலையுயர்ந்த பெட்டியொன்றை வாங்கி மாட்டினேன். ஒருநாள் இரவு மின்சாரம் நின்று, மீண்டும் வந்தபோது மிகுந்த அழுத்தத்துடன் வந்தது. பெட்டி கெட்டது, பம்பு நின்றது. எனக்கு எச்சரிக்கை அனுப்பவேண்டிய உறுப்பும் அதே பெட்டிக்குள் இருந்தமையால் அதுவும் ஓய்ந்தது. விடியற்காலையில் மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. பெட்டியில் குற்றமில்லை, மின்சாரத்தில்தான் குற்றம் என்றார் விற்றவர். ஒரு விதத்தில் அது மெய்தான். மின்சாரம் குற்றமற்று வரும் ஊருக்கென்று செய்த பெட்டியை எங்கள் ஊருக்கு ஏன் விற்றார் என்பதற்கு மட்டும் இன்றுவரை விடையில்லை.

ஆகையால் திட்டமிடுவோர் முதலில் நிர்ணயிக்க வேண்டியது, மின்சாரம் நின்ற நேரத்தில் மீனுக்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதே. ஒரு லிட்டர் ஜலத்தில் பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நலம். ஜலம் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். நமது சித்திரை வைகாசி இரவுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்குரிய பரிகாரம் மிக எளியது. 12 வோல்ட்டில் ஓடும் சிறு காற்றுப்பம்பு ஒன்று, மோட்டார் வண்டியின் பாட்டரி ஒன்று, ரிலே ஒன்று, இவை போதும். மின்சாரம் உள்ளவரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும். மின்சாரம் போனதும் தானே விட்டுவிடும். விட்டவுடன் பாட்டரியின் இணைப்புச் சேர்ந்து பம்பு ஓடும். இதில் கணக்கிடும் கருவியும் இல்லை, கெட்டுப்போகத்தக்க நுண்ணிய உறுப்பும் இல்லை. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில், சுற்றுப் பம்பைக் கிணற்று மோட்டாரின் லைனில் சேர்ப்பது பெருந்தவறு.

அடுத்தது குழாய் அமைப்பு. பம்பை மீன்தொட்டியில் வைக்கலாகாது. தாழ்ந்த இடத்தில் தனியாக ஒரு சேகரத் தொட்டி வைத்து, பம்பை அதில் இறக்க வேண்டும். அப்போது பாத்தியில் ஒழுக்கு ஏற்பட்டாலும் வற்றுவது சேகரத் தொட்டியேயன்றி, மீன் இருக்கும் ஜலம் குறையாது. ஆவியாய்ப் போவதும் பயிர் குடிப்பதும் சேர்ந்து நாளொன்றுக்கு நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை குறையக்கூடும். அதை நிரப்ப, வீட்டு மேல்தொட்டியில் இருக்கும் சாதாரண மிதவை வால்வே போதும். மாடியில் வைக்க எண்ணுவோர், ஆயிரம் லிட்டர் ஜலம் ஒரு டன் எடை என்பதையும், கூழாங்கல் பாத்தி அதற்கு மேலும் கனக்கும் என்பதையும் கொத்தனாரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வார்களாக.

மீன் விஷயத்தில் நாம் இன்னும் யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அயல்நாட்டுப் புத்தகங்களெல்லாம் திலேப்பியாவைச் சொல்கின்றன. அதை வளர்க்க இங்கே அரசாங்க அனுமதி வேண்டும். நமது பனையேறிக் கெண்டையோ வெளிக்காற்றை நேரே வாங்கிச் சுவாசிக்க வல்லது. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் உத்தியோகஸ்தர், பனைமரத்தில் ஏறியிருந்த இம்மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். மரமேறியதை நம்பாதவரும், அது ஈரத்தில் நெடுநேரம் உயிர் தாங்கும் என்பதை மறுப்பதில்லை. காற்று நின்ற இரவில் கெண்டை மடியும் தொட்டியில் இது பிழைக்கக்கூடும். துள்ளி வெளியேறும் சுபாவமுடையதாகையால் வலை மூடி அவசியம். நுண்ணுயிர்களுக்கும் வேருக்கும் பிராணவாயு வேண்டுமாதலால், இதை நம்பிப் பாட்டரியை விட்டுவிடவும் கூடாது.

தானே மருந்தூற்றும் கருவியை நான் முற்றிலும் ஆட்சேபிக்கிறேன். பி.எச். என்னும் அமிலகார அளவைக் காட்டும் கோல் நாளடைவில் பிசகும். அளவு தெரிந்த கரைசல்களில் இட்டு அதை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். பிசகிய கோலை நம்பிக் கருவி அமிலத்தையோ சுண்ணாம்பையோ ஊற்றிக்கொண்டே போனால், ஒரே இரவில் தொட்டி பாழாகும். அளவு முக்கியமானதுதான். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆயிருந்தால், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல். கிணற்று ஜலம் கடினமாயுள்ள பிரதேசங்களில் 8-க்குக் கீழே இறங்குவதே கஷ்டம். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நிற்பது, அங்கே இரும்புச்சத்து பயிருக்குக் கிட்டவில்லை என்பதன் குறி. இதற்குக் கருவியால் ஆவது ஒன்றுமில்லை. கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துக் கிணற்று ஜலத்துடன் கலப்பதே சிலாக்கியம். சோதனைக்குச் சொட்டு மருந்துக் குப்பிகளே போதும். தொடக்கத்தில் தினமும், பின்னர் வாரம் ஒருமுறையும் பார்த்து நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துவரலாம்.

தீனி போடும் யந்திரமும் வேண்டாம். மீன் ஆவலுடன் மேலே வருகிறதா, ஒதுங்கிக் கிடக்கிறதா என்று நாம் அறியும் சமயம் தீனி போடும் சமயமே. அரைமணி நேரத்தில் உண்ணாமல் விட்டதை வாரி எடுக்க வேண்டும். எந்த யந்திரமும் அதைச் செய்யாது. கீரைப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குத் தீனி 40 முதல் 50 கிராம் என்பது கணக்கு. மூன்று சதுர மீட்டர் பாத்தியும் ஆயிரம் லிட்டர் தொட்டியும் ஒரு குடும்பத்திற்குப் பொருத்தமான ஆரம்பம்; அதில் மீனின் மொத்த எடை 20 கிலோவுக்கு மேற்பட வேண்டாம்.

பின் கருவிகளே வேண்டாமா என்றால், வேண்டும். ஜலமட்டம் தாழ்ந்தாலும், பம்பு நின்றாலும், வெப்பம் மிஞ்சினாலும் கூவி எழுப்பும் மணியொன்று, தனிப் பாட்டரியுடன், பம்பை ஓட்டும் பெட்டிக்குச் சம்பந்தமின்றி இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம். கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவதை, ஒரு வருஷம் இவ்வண்ணம் நடத்திய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

நுண்ணுயிர்கள் பாத்தியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த நாட்களில் ஓர் இரவு, வீட்டாருக்குச் சொல்லாமல் பியூஸைப் பிடுங்கிவிட்டுப் படுத்துப் பார்க்க வேண்டும். மணி கூவிற்றா, காற்றுப்பம்பு விடியும்வரை ஓடிற்றா, சேகரத் தொட்டி வழிந்ததா என்பவை காலையில் தெரியும். இத்தகைய அமைப்புகளுக்கு உதவித்தொகை கோரி வரும் மனுக்களைப் பார்வையிடச் செல்லும் கிராம உத்தியோகஸ்தர்களும், பெட்டியின் விளக்குகளைப் பார்ப்பதற்கு முன், மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லிக் கால்மணி நேரம் தொட்டியருகே நின்று பார்ப்பார்களாக.