அளக்காம திருகாதீங்கப்பு!

டெக்சாஸ்ல எங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மான் வேட்டைன்னா உசுரு. சுட்ட .308 தோட்டாவோட பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாம, கராஜ்ல உக்காந்து மறுபடி மருந்தடைப்பார். (மாணவர் விசாவுல இருக்கறவன், வேட்டை லைசென்ஸ் மாதிரி விலக்கு இல்லாம தோட்டா வச்சுக்க இங்க சட்டம் விடாது. அதனால நான் வேடிக்கை மட்டும், ஹிஹி.)

சுடும்போது கூடு ஊதிடும். டையில விட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வரணும். போன வாரம் அமுக்கின கூடு துப்பாக்கிக்குள்ள போகவே இல்லை; அமுக்காத கூடு ஜம்முனு போகுது! "பித்தளை மட்டம்"னு திட்டினார்.

பித்தளை பாவம் என்ன பண்ணும்? பேஸ்ட் ட்யூபை அமுக்கினா பேஸ்ட் முன்னாடி வருதில்ல, அதே மாதிரி உடம்பை நெருக்கினா கூட்டோட தோள் முன்னாடி நகரும். டை இன்னும் கொஞ்சம் இறங்கினாத்தான் தோள் பின்னால போகும்.

"அப்ப முழுசா இறக்கிடறேன்"னார். அங்கதான் ஆபத்தே. தோள் ரொம்பப் பின்னால போனா, ஒவ்வொரு தடவை சுடும்போதும் அடிப்பக்கம் இழுபட்டு மெலியும். ஒருநாள் கூடு ரெண்டாப் பிய்யும், அதுவும் முகத்துக்குப் பக்கத்துல!

காலிப்பர் வச்சு அளக்கச் சொன்னேன். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோள் 0.001, 0.002 இஞ்ச் பின்னால போனாப் போதும். துளித்துளியாத் திருகி அளந்தார். நாலாவது கூடு வழுக்கிட்டுப் போச்சு.

"முப்பது வருஷ அனுபவம்"னு முனகினார். அனுபவம் பெரிசுதான், இல்லேங்கல. ஆனா 0.002 இஞ்ச் விரலுக்குத் தெரியாது சாமி!