தாதியின் சொல்லும் தாயின் உரிமையும்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் தாய்மார், நோயுற்ற குழந்தையை ஏந்தி வெளியூர் வைத்தியசாலைக்குச் சென்றால் கேட்கும் சொல் என்ன? இத்தனை பிள்ளைகளா என்று நகைக்கிறார் ஒரு தாதி. முக்காட்டைக் கண்டு முகஞ்சுளிக்கிறார் இன்னொருவர். 2019இல் குருநாகல் வைத்தியர் ஷாபி மீது சுமத்தப்பட்ட கருத்தடைப் பழிக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் கூறியது. பழி பொய்த்தது, அதன் நஞ்சு இன்னும் நாவுகளில் நிற்கிறது.

சிகிச்சை கெட்டுவிடுமோ என்றஞ்சித் தாய் வாய்மூடுகிறாள். அஞ்சவேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் கிடைக்கும் பராமரிப்பு எவரும் இடும் பிச்சையன்று. இனம், மதம், மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள இடத்திலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தருகிறது 22ஆம் உறுப்புரை.

பதிலுக்கு வைதால் பழி நம் தலையிலேயே விழும். சொன்ன சொல், நாள், நேரம், அருகிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி, வைத்திய அத்தியட்சகரிடம் கையளித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நீதி கிடையாவிடில், ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம். அந்த ஒரு மாதத்தைத் தவறவிடாதீர். குழந்தையின் அடுத்த தடுப்பூசி நாளையும் தவறவிடாதீர்.

இரவெல்லாம் கண்விழித்துப் பணிபுரியும் நல்ல தாதியரின் பெயரைக் காப்பதும் இம்முறைப்பாடே. மௌனமோ, தீய நாவுக்கு மட்டுமே துணை.