பூட்டு இங்கே, திறவுகோல் எங்கே?

ஓரினத்தின் மொழி எங்கே அழியத் தொடங்குகிறது? பாட்டிலன்று, மேடையிலன்று, பள்ளியிலுங்கூட அன்று. அவ்வினத்தார் உழைத்துப் பொருளீட்டும் இடத்திலேதான் அவர்தம் மொழி முதலில் ஊமையாகிறது. உழைப்பில் வழங்காத மொழி உலையில் அரிசி இடாது. உலைக்கு உதவாத மொழியை ஊரும் நெடுநாள் பேணாது.

திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். அவன் தகட்டை வெட்டுகிறான், அரத்தால் அராவுகிறான், துளையிடுகிறான், முடுக்குகிறான். செய்யும் வினை ஒவ்வொன்றுக்கும் அவன் நாவில் ஒரு தமிழ்ச்சொல் உண்டு. மாங்காய் வடிவில் பூட்டொன்று செய்தான். அதற்கு மாங்காய்ப் பூட்டு என்றே பெயரிட்டான். எந்த அகரமுதலியையும் அவன் புரட்டவில்லை. எந்தச் சொல்லாக்கக் குழுவையும் கேட்கவில்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையிலும் விடியற்காலையில் விலை பேசும் மொழி தமிழே. கைத்தொழிலும் சந்தையும் தமிழில் நடந்தவரை, தமிழைக் காக்கத் தனியே ஒருவரும் முயலவேண்டிய நிலை இருந்ததில்லை.

இன்றோ அதே ஊர்ப்புறங்களில் புதியதொரு தொழில் புகுந்திருக்கிறது. அதற்குத் தறி வேண்டா, பட்டறை வேண்டா, ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். மெய்நிகர் உதவியாளர் என்று அத்தொழில் செய்வாரை வழங்குகின்றனர். தொலைவில் இருந்துகொண்டே ஒருவருக்குத் துணைப்பணி செய்வதால் தொலைத்துணையர் என்பதே பொருந்தும்.

இரவில் ஓடும் தறி

சின்னாளப்பட்டியில் பட்டம் பெற்ற நங்கை ஒருத்தியை எண்ணிக் கொள்க. அவளுக்கு வேலை தருபவர் நியூயார்க்கில் இருக்கிறார். அங்கே காலை 9 மணி ஆகும்போது, அந்நாட்டுக் கோடையில் இங்கே மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. ஊர் உறங்கப் போகும் வேளையில் அவள் வேலை தொடங்குகிறது. வந்த மடல்களைப் பிரித்து அடுக்குகிறாள், சந்திப்புகளுக்கு நாள் குறிக்கிறாள், கணக்கெழுதுகிறாள். அதன்பின் விற்பனை வேலை. ஆத்திரேலியரின் கான்வா என்னும் கருவியில் விளம்பரப் படம் அமைக்கிறாள். அமெரிக்கரின் மெயில்சிம்ப்பு என்னும் கருவியில் ஆயிரக்கணக்கான முகவரிகட்கு ஒரே நொடியில் விற்பனை மடல் விடுக்கிறாள். ஒரே மடலுக்கு இரண்டு தலைப்புகள் எழுதி, இரு சிறு குழுவினர்க்கு முதலில் அனுப்பி, எத்தலைப்பை மிகுதியானோர் திறந்தனர் என்று பார்த்து, வென்ற தலைப்பை எஞ்சியோர்க்கு அனுப்புகிறாள். முகநூலிலும் படவரியிலும் எந்த நாளில் எந்த மணிக்கு எச்செய்தி வெளிவர வேண்டும் என்பதை ஒரு கிழமைக்கு முன்னரே ஒழுங்கு செய்து வைக்கிறாள்.

இது வெறும் எழுத்தர் வேலையன்று. உயர்ந்த வணிகக் கலை. வெளியூர் சென்று வேலை பார்க்க வீடு இசையாத பெண்ணொருத்தி வீட்டிலிருந்தே ஈட்டுகிறாள். தங்கையைப் படிக்க வைக்கிறாள். அவளைப் பழிப்பது அறமன்று. ஆங்கிலம் கற்றதும் குற்றமன்று. வினா அவளைப் பற்றியதே அன்று. அவள் கையிலுள்ள கருவியைப் பற்றியது.

அவள் தெருவில் விற்கும் சுங்குடிப் புடவைக்காக அக்கருவிகளில் ஒரு வரியேனும் எழுதப்படுகிறதா? 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டும், கொடைக்கானல் மலைப்பூண்டும், பஞ்சாமிர்தம் என ஊரார் வழங்கும் பழனியின் ஐந்தமுதும் புவிசார் குறியீடு பெற்றன. பெயருக்குக் காப்புக் கிடைத்தது. அப்பெயரைப் பரப்பும் கலையை அறிந்தவளோ, எங்கோ ஒரு நாட்டின் நாய்த்தீனிக்கும் பற்பசைக்கும் விளம்பரம் எழுதிக் கொண்டிருக்கிறாள். எந்திரத்தில் செய்த அலிகார்ப் பூட்டு சந்தையை நிறைக்க, கையால் செய்த பூட்டு தன் அருமையைத் தானே எடுத்துரைக்க வாயின்றிக் கிடக்கிறது.

பெயரை இழந்த சுருட்டு

திண்டுக்கல்லுக்கு இது புதிய பாடமன்று. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இச்சமவெளியின் புகையிலை உலகப் புகழ் பெற்றிருந்தது. சென்னையில் இருந்த சுபென்சர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு உருட்டச் செய்தது. நிலம் தமிழனுடையது, இலை தமிழனுடையது, உருட்டிய விரலும் தமிழனுடையது. ஆனால் பெட்டியின்மேல் ஏறிய பெயர் ‘புளோர் டி திண்டுக்கல்’. திண்டுக்கல்லின் மலர் என்பது அதன் பொருள், மொழியோ எசுப்பானியம்! ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவைத்து எஞ்சிய எல்லாவற்றையும் அயல்மொழிக்கு ஆக்கினர். செய்பவன் ஒருவன், பெயரிடுபவன் வேறொருவன் என்றானால், பெயரிட்டவனுக்கே ஊதியம் போய்ச் சேரும்.

வணிகத்துக்குத் தமிழ் உதவாது என்பார் வரலாறு அறியாதார். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கி.பி. 1088-இல் சுமத்திராத் தீவின் பாரூசில் தமிழிலேயே கல்வெட்டு நாட்டினர். சீனத்துச் சுவான்சௌ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் கே, ஈழத்துக் காலியில் 1409 என நாளிட்டு நாட்டிய கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீனம், பாரசீகம், தமிழ். அயலான் தன் அரசனின் புகழைக் கடல்வணிகர்க்கு அறிவிக்கத் தமிழை நாடினான். இன்று தமிழன் தன் பூட்டைத் தமிழனுக்கே அறிவிக்க ஆங்கிலத்தை நாடுகிறான்.

எழுத்துக்கு விதித்த தண்டம்

இந்நாளைய விற்பனைக் கருவிகள் எல்லா மொழிகட்கும் ஒரே நிறைகோல் பிடிக்கின்றனவா? கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியையே எடுத்துக் கொள்வோர் உண்மையைக் காண்பர். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். அச்செய்தியில் தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று நுழைந்தாலும் இடம் 70 ஆகச் சுருங்குகிறது. அந்த 70-உம் தமிழ் முறைப்படி எண்ணப்படுவதில்லை. உயிர்மெய்க்கு உரிய குறிகளும் புள்ளியும் தனித்தனி இடமாக எண்ணப்படுகின்றன. ‘திண்டுக்கல்’ என்பது தமிழனுக்கு 6 எழுத்து, கணினிக்கோ 11. ‘பூட்டு’ 3 எழுத்து, அங்கே 6. ‘திண்டுக்கல் பூட்டு’ என்று மட்டும் எழுதினால் இடைவெளியோடு 18 இடம் போயிற்று. ஒரு செய்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல்! இதனையே ஆங்கிலத்தில் எழுதினால் 13 இடம். 160-இல் அது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரம் பேர்க்குச் செய்தி விடுக்கும் வணிகன், தமிழில் எழுதினால் இரண்டு மூன்று செய்திகட்கு உரிய கட்டணம் கட்டுகிறான். தாய்மொழியில் விற்பதற்கு இப்படி ஒரு தண்டம்! எந்தச் சட்டமும் விதிக்காத தண்டம் இது. எந்த மன்றத்திலும் எதிர்க்கப்படாத தண்டம்.

இதன் வேர் எங்கே? 1991-இல் ஒருங்குறியில் தமிழ் இடம் பெற்றபோது, அதன் அடிப்படையாக அமைந்தது இந்திய அரசு சார்பில் 1988-இல் வகுக்கப்பட்ட பொதுக் குறியேற்றம். தேவநாகரிக்குப் பொருந்திய சட்டகத்திலேயே மற்ற எழுத்துகளையும் அமர்த்தியது அது. அதனால் தமிழில் இல்லாத ஒலிகட்கு வெற்றிடங்கள் விடப்பட்டன. தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கவேண்டிய னகரம் நகரத்தின் பின்னே வந்து நின்றது. றகரம் ரகரத்தை ஒட்டி நின்றது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழறிஞரும் கணினி வல்லுநரும் உருவாக்கினர். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் உலகக் கருவிகளில் அது ஏறவில்லை.

அடுத்து வந்த செயற்கை நுண்ணறிவிலும் இதே கதை. அக்கருவிகள் எழுத்தைத் துண்டுகளாக வெட்டி, துண்டுக் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டில் அடங்குகிறது. தமிழ்ச்சொல்லோ பல துண்டாக நொறுங்குகிறது. கூகுளின் ஆட்சென்சு என்னும் விளம்பர ஏற்பாடு இந்திக்கு 2014-இல் திறந்தது. தமிழுக்கு 2018-இல்தான் திறந்தது. தமிழில் எழுதிப் பொருளீட்ட முனைந்தோர் அத்தனை ஆண்டுகள் வாயிலில் நின்றனர். பூட்டின் ஊருக்கு இதனைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கதவு எவனுடையதாயினும் ஆகுக. திறவுகோல் எவன் கையிலோ அவனே வீட்டுக்குரியவன்.

கருவி செய்தவனும் தமிழனே

தமிழனுக்குக் கருவி செய்யும் ஆற்றல் இல்லையோ எனின், அதுவும் பொய். சிரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய சோகோ நிறுவனம் 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலிருந்தும் இயங்குகிறது. மடல் விடுக்கவும், கொள்வோர் விவரம் பேணவும், கணக்கெழுதவும் உலக வணிகர் கையாளும் கருவிகள் அங்கே உருவாகின்றன. 2010-இல் சென்னையில் தோன்றிய பிரெசுவொர்க்சு 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. ஆற்றல் தமிழ் மண்ணில். அறிவு தமிழ் மூளையில். கருவிகளின் பெயரோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்! 2021-இல் சோகோ தன் செய்திச் செயலிக்கு ‘அரட்டை’ என்று பெயரிட்டது. தமிழ்ப்பெயர் என்பதால் அதனை எவரும் வெறுக்கவில்லை. தமிழறியாதாரும் அச்சொல்லைப் பலுக்கக் கற்றனர். ஒரு பெயரில் இயன்றது ஒன்பது பெயரில் இயலாதோ? இல்லாதது திறமன்று, துணிவு.

தனித்தமிழ் அன்பர்க்கும் இங்கே ஒரு வினா உண்டு. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பேருந்து, மிதிவண்டி, கணினி, இணையம், மின்னஞ்சல் ஆகிய சொற்கள் வென்றன. ஏன் வென்றன? அவை வழங்குவதற்கு ஓரிடம் கிடைத்தது, அதனால் வென்றன. இதழ்களின் பக்கங்களில் மட்டும் பிறந்து, பட்டறையையும் கடையையும் காணாமலே மடிந்த சொற்கள் எத்தனையோ! கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெறவேண்டும் என்று போராடியோர், இன்றைய கடையின் பலகை கைப்பேசித் திரைக்கு இடம் மாறிவிட்டதை இன்னும் உணரவில்லை. தெருப்பலகையில் தமிழ், திரையில் ஆங்கிலம். இதற்குப் பெயர் வெற்றியன்று.

செய்யத் தக்கவை அரியனவும் அல்ல. ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு 1999-இலேயே ஏற்றுக்கொண்டது. விரைந்து தமிழ் எழுத அதுவே எளிய வழி. திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகள் அதனை ஒவ்வொரு மாணவர்க்கும் பயிற்ற வேண்டும். அயல்நாட்டார்க்குப் பணிபுரியும் தொலைத்துணையர் கிழமைக்கு ஒருநாள், உள்ளூர்ப் பூட்டுப் பட்டறைக்கோ புடவைக் கடைக்கோ தக்க கூலி பெற்றுக்கொண்டு தமிழில் மடல் எழுதட்டும். இரண்டு தலைப்பு எழுதி எது வெல்கிறது என்று பார்க்கும் கலையைத் தமிழ்த் தலைப்பிலும் ஆய்ந்து பார்க்கட்டும். வேடசந்தூரிலும் நத்தத்திலும் பூட்டு வாங்கும் தாய்க்கு எம்மொழி இனிக்கிறது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லும். தமிழ்க் குறுஞ்செய்திக்கு ஆங்கிலச் செய்தியினும் மிகுந்த கட்டணம் கூடாது என்று வணிகர் மன்றங்கள் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையத்தின் கதவைத் தட்டட்டும். தமிழ் இடைமுகம் இல்லாத மென்பொருளைத் தமிழ்நாட்டரசு தன் அலுவலகங்கட்கு வாங்க மறுக்கட்டும். வாங்குபவன் மறுத்தால் விற்பவன் தமிழ் கற்பான். இது வணிகத்தின் பழைய விதி.

ஆங்கிலம் சோறு போடுகிறது என்பர். போடட்டும், உண்ணட்டும். ஆனால் பிறன் வீட்டில் சமைக்கக் கற்ற கை, தன் வீட்டு அடுப்பை மறந்துவிட்டால் அக்கல்வியால் வீட்டுக்கு என்ன பயன்? அந்நங்கையின் விரல் நுனியில் உலக வணிகத்தின் நுட்பம் இருக்கிறது. அந்நுட்பம் தமிழில் இறங்கும் நாளில் பூட்டுப் பட்டறைக்கு வாய் முளைக்கும். புடவைக் கடைக்குப் பேச்சு வரும். மொழிக்கு உலை கொதிக்கும்.

திண்டுக்கல் எத்தனையோ வீடுகட்குப் பூட்டும் திறவுகோலும் செய்து தந்தது. தன் மொழிக்கு வேண்டிய திறவுகோலையும் அது தன் கையாலேயே அராவிக் கொள்ளட்டும்!