ஓய்வுச் சங்கு

நுழையும்முன்
விளையாட்டு, வளரும் பருவத்தின் உரிமை. அது உறக்கத்தையும் படிப்பையும் விலையாகக் கேட்கும்போது பிள்ளைகளுக்குத் தேவை தண்டனையா, தெளிவா?

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பல ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது பெற்றோர் பணியில் இருப்பர். பெற்றோர் திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பர். இத்தகைய வீடுகளில் பெற்றோரின் குரலைக் கொண்டுவருவதும் திறன்பேசி. பாடம் தேட உதவுவதும் அதுவே. தனிமைக்குத் துணையும் அதுவே. எனவே, 'அதைப் பிடுங்கி வையுங்கள்' என்னும் அறிவுரை இங்கு எளிதில் பொருந்துவதில்லை.

ஈர்க்கும் பொறி

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஆய்வுகள் செய்தார். ஒவ்வொரு கொத்தலுக்கும் தீனி பெற்றுப் பழகிய புறா, தீனி நின்றதும் விரைவில் ஓய்ந்தது. எப்போது தீனி வரும் எனத் தெரியாமல் பழகிய புறாவோ நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருந்தது. பல காணொளி விளையாட்டுகளில் வரும் பரிசுப்பெட்டியும் இவ்வாறே இயங்குகிறது. அடுத்த பெட்டியில் என்ன இருக்கும் என்னும் ஆவல் விரலை ஓயவிடுவதில்லை. நாள்தோறும் வருவோர்க்குத் தனிப்பரிசு. பாதியில் விலகினால் அணித்தோழர்க்கு இழப்பு. இவற்றை அறியாத பிள்ளையைச் 'சோம்பேறி' எனப் பழிப்பதால் பயனில்லை. இந்த அமைப்பை விளக்கிக் காட்டுவதே முதல் உதவி.

விளையாடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர். உலக நலவாழ்வு அமைப்பு விளையாட்டு அடிமைநிலையை 2019இல் நோய்ப்பட்டியலில் ஏற்றது. அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழத்தல், பிறவற்றினும் விளையாட்டை முதன்மையாக்கல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்கள் நீடித்தாலே அது நோயெனக் கருதப்படும்.

சட்டத்தின் எல்லை

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ய 2025இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. அது பணத்தைக் காக்கும். பணமின்றி ஆடும் ஆட்டத்தில் கரையும் இரவுகளைக் காக்காது. அப்பொறுப்பு வீட்டிற்கும் ஊருக்கும் உரியது.

எப்போது தொடங்கினோம், எப்போது நிறுத்த எண்ணினோம், எப்போது நிறுத்தினோம் என ஒரு வாரம் பிள்ளையே குறித்துவைக்கட்டும். எண்ணியதற்கும் செய்ததற்கும் உள்ள இடைவெளியை அக்குறிப்பே காட்டும். பெற்றோரின் வார விடுமுறையில் இருதரப்பும் அமர்ந்து, நாளொன்றுக்கு எத்தனை ஆட்டம் என்று முடிவுசெய்யலாம். நடு ஆட்டத்தில் திறன்பேசியைப் பறிப்பதைவிட, ஆட்டம் முடிந்ததும் நிறுத்தும் உடன்பாடு எளிதில் நிலைக்கும். இரவில் கருவி படுக்கைக்கு வெளியே இருப்பது பெற்றோர்க்கும் பொதுவிதியாகட்டும். மாலையில் பள்ளித் திடலும் ஊர் நூலகமும் திறந்திருந்தால், தனித்திருக்கும் பிள்ளைக்கு வேறொரு துணை கிடைக்கும். நிலைமை கைமீறினால் 14416 என்னும் 'டெலி மனாஸ்' எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

ஆலை ஓயாது ஓடினாலும் தொழிலாளியின் பணி முடிந்ததென அறிவிக்கச் சங்கு ஒலிக்கும். விளையாட்டுச் செயலிக்கு அத்தகைய சங்கு இல்லை. அதைத் தானே ஒலிக்கும் திறனைப் பிள்ளைக்குப் பழக்குவதே பெரியோர் செய்யத்தக்க பேருதவி.