யார் கடத்தல்காரர்?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அருகே கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ‘கேப் கிட்னாப்பர்ஸ்’ என்னும் முனை. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, பழைய டிராக்டர்கள் இழுக்கும் திறந்த வண்டிகளில் பயணிகளைக் கடற்கரையோரமாக அங்கே அழைத்துச் செல்லும் வழக்கம் 1950களில் தொடங்கியது. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் செங்குத்தான பாறைச்சுவர். அந்தச் சுவரும் உறுதியானதன்று. 2019 ஜனவரியில் அது சரிந்ததில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த இரு சுற்றுப்பயணிகள் காயமடைந்தனர். அலையையும் பாறையையும் அறியாமல் செல்லக்கூடிய இடமன்று அது.

பயணிகள் தேடிப்போவது கேனட் பறவைகளை. வெள்ளை உடல், பொன்னிறத் தலை, விரித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளும் சிறகுகள். குஞ்சுகள் ஏறக்குறைய நான்கு மாதத்தில் டாஸ்மன் கடலைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துவிடுகின்றன. சில ஆண்டுகள் கழித்து, முட்டையிடத் தாயகம் திரும்புகின்றன.

பறவைகளைப் படமெடுத்துக்கொண்டு நாமும் திரும்பிவிடலாம். ஆனால், ‘கடத்தல்காரர்கள் முனை’ என்று ஏன் ஓர் இடத்துக்குப் பெயர் வந்தது?

1769 அக்டோபரில் ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல் இங்கே வந்தது. தஹித்தியில் கப்பலேறிய துப்பாயா என்பவரின் பணியாளாகத் தையாட்டா என்ற சிறுவனும் அதில் இருந்தான். மீன் விற்கப் படகுகளில் வந்த மாவோரிகள் அவனைப் பிடித்து இழுத்துச் சென்றனர். கப்பலிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. மாவோரிகள் இரண்டு மூன்று பேர் மாண்டனர். சிறுவன் கடலில் குதித்துத் தப்பினான். குக் முனைக்குப் பெயர் சூட்டினார்.

கதை இதோடு முடிந்தால் பெயர் பொருத்தமே. ஆனால், சில நாள்களுக்கு முன்புதான் வடக்கே இன்னொரு விரிகுடாவில் குக்கின் ஆட்கள் ஒரு மாவோரிப் படகை மறித்துச் சிலரைச் சுட்டுக் கொன்று, மூன்று இளையர்களைப் பலவந்தமாகக் கப்பலில் ஏற்றினர். மறுநாள் விடுவித்தாலும், செய்தது கடத்தல்தானே? தையாட்டாவும் அப்படிப் பிடிபட்ட தங்கள் இனச் சிறுவன் என்று எண்ணி மாவோரிகள் மீட்க முயன்றிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. வரைபடத்தில் நிலைத்ததோ ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக்கிய பெயர்.

அந்த முனைக்கு மாவோரி மொழியில் ‘தே கௌவாய்-ஆ-மௌயி’ என்று ஒரு பெயர் உண்டு. தாடை எலும்பால் தூண்டில் செய்து அந்தத் தீவையே மீனாகப் பிடித்து இழுத்த மௌயியின் கதையை அது நினைவூட்டுகிறது. 2018இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்வழி இரு பெயர்களும் சேர்ந்தே அதிகாரபூர்வப் பெயராயின.

பெயரை மாற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்று சிலர் சொல்வதுண்டு. இங்கே எதுவும் அழியவில்லை. விடுபட்டிருந்த பாதி சேர்க்கப்பட்டிருக்கிறது.

நாமும் கற்றல் பயணம் போகிறோம். சிங்கப்பூரின் ஃபோர்ட் கெனிங் குன்றை மலாய்க்காரர்கள் முன்பு ‘புக்கிட் லாராங்கான்’, அதாவது ‘தடைசெய்யப்பட்ட குன்று’ என்று அழைத்தனர். அங்கே ஏறும் மாணவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்? பயிற்றுத்தாளை நிரப்பியதும் பேருந்துக்கு ஓடிவிடுகிறோம்.

அடுத்த முறை வழிகாட்டியிடம் இரண்டு கேள்விகள் கேட்போம்: இந்தப் பெயரை வைத்தவர் யார்? அதற்கு முன் இங்கிருந்தவர்கள் இதை எப்படி அழைத்தார்கள்?